மணவாழ்வும் மணவிலக்கும் மக்கள் நலனும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் திருமணத்தைப் பற்றியும் மணவிலக்கைப் பற்றியும் ஏன் பேசவேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாள் முதலாக, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வாராது நின்றுவிட்டால், வீடு தேடிச் சென்று விசாரிப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். அவ்வாறு சென்ற வீடுகளில், கணக்குப் பாடம் விளங்காமையால் நின்ற பிள்ளைகள் சிலரே. பெற்றோர் சண்டையால் நின்றவர், தாய் தன் பிறந்தகம் சென்றமையால் உடன்சென்று ஊர் மாறியவர், அக்காளின் கல்யாணக் கடனை அடைக்க வேலைக்கு அனுப்பப்பட்டவர், பத்தாம் வகுப்பு முடியுமுன் தாமே மணப்பெண் ஆக்கப்பட்டவர் ஆகியோரே மிகப் பலர். ஆகவே, நம் சங்கம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் கொடுத்தால் மட்டும் போதாது. அப்பிள்ளைகள் மாலையில் திரும்பிச் செல்லும் வீடு எத்தகையது என்பதையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நாம் ஈண்டுச் சொல்ல விழைவது ஒன்றே. மனிதர்க்கு நலம் தருவது தாலி கட்டிய பின்னர் நடக்கும் வாழ்வேயாகும். அவ்வாழ்வு கெட்டவிடத்து, மணவிலக்கைவிடக் கொடியவை அதற்கு முன் நிகழ்ந்த கொடுமையும், அதற்குப் பின் ஊரார் காட்டும் புறக்கணிப்புமே. இவ்விரண்டையும் தடுக்கும் ஆற்றல் நம் கையில் உள்ளது.

அறிஞர் ஆராய்ந்து கண்டவை

மணவாழ்வுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். 1858ஆம் ஆண்டில் வில்லியம் ஃபார் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் பிரெஞ்சு நாட்டு மக்கள் கணக்கை ஆராய்ந்து, மணமானோரைக் காட்டிலும் மணமாகாதோரும் துணையை இழந்தோரும் மிகுதியாக இறக்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். இதனைக் கொண்டு, திருமணம் செய்தாலே நீண்ட ஆயுள் கிட்டும் என்று பலரும் எண்ணலாயினர். பின்வந்த ஆராய்ச்சிகள் அவ்வளவு எளிதாக முடிவு கூறவில்லை.

1967இல் அமெரிக்க மனநல மருத்துவர்களான ஹோம்ஸ், ரே ஆகிய இருவரும் மனித வாழ்வை அலைக்கழிக்கும் 43 நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டனர். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100, மணவிலக்குக்கு 73, பிரிந்து வாழ்தலுக்கு 65, சிறை செல்வதற்கு 63 எனக் குறித்தனர். திருமணத்துக்கோ 50 மதிப்பெண். இதில் நாம் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, பிரிவின் துன்பம் சிறைவாசத்தின் துன்பத்துக்கும் மேலாக மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே பிரிந்து வந்தவரை எளிதாக எண்ணி ஏளனம் செய்தல் தகாது. மற்றொன்று, மேளதாளத்தோடு நடக்கும் திருமணமும் மனத்துக்கு ஒரு பாரமே. எனவே முதிராத பிள்ளைகள்மேல் அதனை ஏற்றுதல் கூடாது.

ஜெர்மனி நாட்டில் 24,000க்கு மேற்பட்டோரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கேட்டறிந்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. திருமணத்தை ஒட்டி மனநிறைவு உயர்கின்றது. சில ஆண்டுகளில் பெரும்பாலோர் தாம் முன்பிருந்த நிலைக்கே திரும்புகின்றனர் என்று அது கூறிற்று. மகிழ்ச்சியற்ற பையனுக்கு 'ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பெண் தேடும் பெற்றோர் இதனை நினைவில் கொள்வாராக.

2005இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 42 தம்பதியரிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்களுடைய கையில் சிறு கொப்புளப் புண் உண்டாக்கி, அஃது ஆறும் வேகத்தை மருத்துவர் அளந்தனர். ஒருவர்மேல் ஒருவர் பகைமை காட்டும் தம்பதியர்க்குப் புண் ஆறும் வேகம், மற்றவர்க்கு 100 என்றால் இவர்க்கு 60 அளவே இருந்தது. வீட்டுச் சண்டை மனத்தோடு நிற்பதில்லை, உடம்பின் புண்ணையும் ஆறவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. 1970 முதலாகக் கலிபோர்னியாவிலும், பின்னர் வேறு பல அமெரிக்க மாநிலங்களிலும், கணவன் மனைவியருள் ஒருவர் விரும்பினாலே மணவிலக்குப் பெறலாம் என்று சட்டம் மாறியது. குடும்பம் சிதையும் என்று பலர் அஞ்சினர். அம்மாநிலங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பெண்களின் தற்கொலை 8 முதல் 16 விழுக்காடு குறைந்ததும், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததும் தெரியவந்தன. வெளியேற வழி உண்டு என்று தெரிந்த வீட்டில் கை ஓங்குவதற்கு ஒருவன் தயங்குகின்றான் என்பதே இதன் பொருள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றன்று

திருமணத்தின் பயன் இருபாலார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதிய நூலிலேயே, மணவாழ்வு ஆணைக் காக்கும் அளவுக்குப் பெண்ணைக் காப்பதில்லை என்று காட்டியுள்ளார். நம் நாட்டு நிலையோ நெஞ்சை நடுங்கச் செய்வது. 2016ஆம் ஆண்டில் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியப் பெண்கள் என்று 2018இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு கூறிற்று. அவர்களுள் மணமான பெண்களே மிகுதி. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையில், நாட்டில் நிகழ்ந்த தற்கொலைகளுக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டவற்றுள் முதலிடம் பெறுவது குடும்பச் சிக்கல், அஃது 31.7 விழுக்காடு.

ஆண்களும் தப்பவில்லை. மனைவி பிரிந்த பின் குடியில் வீழ்ந்து, ஐம்பது வயதைக் காணாமல் போனவர்களை நம் தெருக்களிலேயே கண்டுள்ளோம். அழுவது ஆணுக்கு அழகன்று என்று சொல்லி வளர்த்துவிட்டோம். அவன் ஆறுதலைச் சாராயத்தில் தேடுகின்றான். துன்பத்தை நண்பனிடம் வாய்விட்டுச் சொல்வது இழிவன்று என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

நம் முன்னோர் வழக்கமும் நாம் கற்ற புதுவழக்கமும்

நம் முன்னோர் பலரிடையே 'தீர்த்துவிடுதல்' என்னும் வழக்கம் இருந்தது. ஒத்துவாழ இயலாவிடில் இருவீட்டாரும் கூடுவர். தாலியும் பரிசப்பணமும் திருப்பித் தரப்படும். பெண் மறுமணம் செய்துகொள்வாள். கணவனை இழந்தவளும் மறுதாலி ஏற்றாள். இதனைக் கண்ட மேல்சாதியினர் 'அறுத்துக் கட்டும் சாதி' என்று நம்மைப் பழித்தனர்.

அப்பழிப்பின் உட்பொருளை விளங்க வைத்தவர் அண்ணல் அம்பேத்கர் அவர்கள். 1916 மே 9ஆம் நாள், தம் 25ஆம் வயதில், நியூயார்க் நகரக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண முறையே சாதியின் உயிர்நாடி. அதனைக் கட்டிக்காக்கவே உடன்கட்டை ஏறுதலும், கைம்பெண் மறுமணத் தடையும், குழந்தை மணமும் வந்தன என்று அவர் நிறுவினார். அஃதாவது, எதனை உயர்ந்த ஒழுக்கம் என்று பறைசாற்றினரோ, அது சாதிக்கு இட்ட வேலி. அந்த வேலிக்குள் வதங்கியவர் பெண்கள்.

சட்ட அமைச்சரான பின் அவர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றப் பெரிதும் முயன்றார். மணவிலக்கு உரிமை அதில் ஒரு பகுதி. சூத்திரர் எனப்பட்ட பெரும்பான்மை மக்களிடம் மணவிலக்கு முன்னரே வழக்கத்தில் உள்ளது என்று அவர் அவையில் எடுத்துரைத்தார். மசோதா கைவிடப்பட்டது. 1951 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் பதவி விலகியதற்கு முதன்மையான காரணங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. 1976இல் இருவரும் இசைந்து விலகும் வழி அதில் சேர்க்கப்பட்டது. கிறித்தவர்க்கான 1869ஆம் ஆண்டுச் சட்டம் 2001இல் திருத்தப்பட்ட பின்னரே கிறித்தவப் பெண்ணுக்கு ஆணோடு ஒத்த உரிமை கிடைத்தது.

இங்கே நாம் வெட்கத்தோடு ஒன்றைக் கூறவேண்டும். படிப்பும் அரசு வேலையும் வந்த பின்னர், நம்மவருள் சிலர் மேல்சாதியார் கைவிடவேண்டிய வழக்கங்களைத் தேடி எடுத்துக்கொண்டனர். பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்த மரபு போய், மாப்பிள்ளைக்கு வரதட்சணை கேட்கும் பழக்கம் வந்தது. ஒத்துவராவிடில் தீர்த்துவிட்டுப் புதுவாழ்வு காணும் துணிவு போய், 'கல்லானாலும் கணவன்' என்னும் பேச்சு வந்தது. நம்மைப் பழித்தோர் பழிப்புக்கு அஞ்சி நல்லதை விட்டோம். அவர்களைப் போல் ஆகவேண்டும் என்று தீயதைப் பற்றினோம்.

நாம் செய்த தவறு

பிறரைக் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், நம் தெருவில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், நான்கு வயதுக் குழந்தையோடு இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தாள். காதோரம் வீங்கியிருந்தது. மறுநாள் மாலை வேப்பமரத்தடியில் பெரியவர்கள் கூடினர். தெருவில் பட்டம் பெற்றவர் என்பதால் நம்மையும் அழைத்து உட்கார வைத்தனர். அடுத்த பெண்ணுக்கு எவன் வருவான் என்பதே அவள் தகப்பனாரின் கவலை. நாமும், 'அடிக்கிற கைதான் அணைக்கும் அம்மா' என்று கூறினோம். கணவனுக்கு 500 ரூபாய் தண்டம் விதித்து, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கி, காலைப் பேருந்தில் இருவரையும் ஏற்றி அனுப்பினோம். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம் என்ற பெருமிதத்தோடு அன்று பள்ளிக்குச் சென்றோம்.

ஏழாண்டுகள் கழித்து அவள் மீண்டும் வந்தாள். இப்போது இரண்டு குழந்தைகள். ஒரு காது முற்றிலும் கேளாது. கணவன் வேறொருத்தியோடு வாழத் தொடங்கிவிட்டான். மூத்த பெண் நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். கரும்பலகையில் எழுத ஆசிரியர் கையை உயர்த்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளை இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொள்ளும். ஒரு நாள் அதன் தாய் நம்மிடம், 'அண்ணே, அன்னைக்கு நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கப்பா கேட்டிருப்பாரு' என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மை மிகுதியும் வாட்டியது. படித்தவன் என்ற மதிப்பைக் கொடுத்து ஊர் நம்மை உட்கார வைத்தது; நாமோ படிக்காதவர் சொல்லக்கூடிய ஒரு பழமொழியைச் சொல்லி எழுந்து வந்தோம்.

பெற்றோர் பிரிவால் பிள்ளைகள் கெடுவர் என்று சொல்லியே பெண்களைத் திருப்பி அனுப்புகின்றோம். அமெரிக்க அறிஞர்கள் ஒரு தலைமுறையைத் தொடர்ந்து ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட நூலொன்று இதற்கு விடை கூறுகின்றது. ஓயாத கொடுஞ்சண்டை நடந்த வீட்டுப் பிள்ளைகள், பெற்றோர் பிரிந்தபின் நலமடைந்தனர். பெருஞ்சண்டை ஏதுமில்லாத வீட்டில் திடீரென்று பிரிவு நேர்ந்தபோதே பிள்ளைகள் மிகவும் தாக்குண்டனர். ஆகவே, அற்பக் காரணத்துக்காகப் பிரிதலும் தவறு. அடி உதைக்கிடையே கட்டி வைத்தலும் தவறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பெரியவர்களின் கடமை.

ஏட்டில் ஏறாத பிரிவுகள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நாட்டில் மணவிலக்குப் பெற்றோர் ஏறத்தாழ 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். மணவிலக்கின்றிப் பிரிந்து வாழ்வோரோ ஏறக்குறைய அவர்களைப்போல் மூன்று மடங்கினர். வறிய குடும்பங்களில் பிரிவு பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது. பத்திரத்தாளில் நான்கு பேர் கையெழுத்திட்டால் தீர்ந்தது என்று நம்புகின்றனர். வழக்கப்படியான மணவிலக்கை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கின்றது. ஆனால் அத்தகைய வழக்கம் உண்டென்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும், வெறும் பத்திரம் போதாது என்று உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. மெய்ப்பிக்க இயலாவிடில் பின்னர் செய்யும் மறுமணம் செல்லாது. ஓய்வூதியமும் சொத்தும் வழக்கில் சிக்கும். எனவே, இளைஞர்களே, பின்வருவனவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்மதத்தார் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் கட்டாயம். 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புரோகிதரின்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும்; அதனையும் பதிவு செய்க.

இரண்டாவது, இலவசச் சட்ட உதவி. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு உள்ளது. 15100 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். வழக்காடப் பணமில்லை என்று இனி எவரும் வாளாவிருத்தல் வேண்டா.

மூன்றாவது, பராமரிப்புத் தொகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வழங்கிய உரிமை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவில் உள்ளது. தன்னைக் காத்துக்கொள்ள வழியற்ற மனைவியும், மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யாதவளும், பிள்ளைகளும் இதன்படி கேட்கலாம்.

நான்காவது, அடிக்கு எதிரான பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடிபட்ட பெண்ணுக்குக் கணவன் வீட்டிலேயே தங்கும் உரிமையும் தருகின்றது. 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

ஐந்தாவது, தாயின் உரிமை. தந்தை பொறுப்பேற்காதவிடத்துத் தாயே இயற்கைக் காப்பாளர் ஆகலாம் என்று உச்சநீதிமன்றம் 1999இல் கூறியுள்ளது. 'அப்பா எங்கே?' என்று பிள்ளையை வகுப்பறையில் எழுப்பி நிறுத்திக் கேட்கும் ஆசிரியர்களுக்கும் இதனைச் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு முன் எண்ண வேண்டியவை

நல்ல மணவாழ்வுக்கு அடிப்படை, திருமணத்துக்கு முன்னரே இடப்படுகின்றது. 1942 ஜூலை 20ஆம் நாள் நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் இதனைத் தெளிவாக உரைத்தார். திருமணம் ஒரு சுமை. அதனைத் தாங்கும் பொருள்வலிமை வரும்வரை பிள்ளைகள்மேல் சுமத்தாதீர். மணமான பெண் கணவனுக்குத் தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்பது அவ்வுரையின் கருத்து. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம் வகுத்த எல்லை. அந்த வயது வந்த மறுநாளே மணம் முடிக்கவேண்டும் என்பது அதன் பொருளன்று.

கடனைப் பற்றி ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் மகள் திருமணத்துக்கு 3 லட்சம் ரூபாயை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்குகின்றார். மாத வட்டி 9,000 ரூபாய். ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். மூன்றாண்டுகளில் வட்டி மட்டும் 3,24,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். இந்தக் கடனில்தான் தம்பியின் படிப்பு நிற்கின்றது. இந்தக் கடனால்தான் மகள் அடிபட்டு வந்தாலும், 'இவ்வளவு செலவு செய்தோமே' என்று தாய்வீடு கதவைச் சாத்துகின்றது. எளிய திருமணம் செய்தவர் மகளைத் திரும்ப ஏற்கத் துணிவு பெறுகின்றார்.

1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கப்பெற்ற திருமண நிதியுதவித் திட்டத்தை, 2022இல் தமிழ்நாடு அரசு பெண்களின் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியர்க்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக அது தொடங்கியது. தாலிக்கு ஒதுக்கிய பணம் படிப்புக்குப் போயிற்று. ஒவ்வொரு வீடும் தன் வரவுசெலவில் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

சங்கத்துக்கு நம் வேண்டுகோள்

வெள்ளிவிழாக் கண்ட சங்கம் அடுத்த 25 ஆண்டுகளில் செய்யத்தக்கவை என நாம் மூன்றினை முன்வைக்கின்றோம். உறுப்பினர் வீட்டுத் திருமணங்கள் யாவும் பதிவு செய்யப்பட்டனவா என்று பார்த்து உதவ இரு இளைஞர்களை அமர்த்துக. அடிபட்டு வந்த பெண்ணை மரத்தடியில் நிறுத்தி விசாரிப்பதை விடுத்து, முதலில் மருத்துவமனைக்கும் பின்னர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அழைத்துச் செல்லத் தக்க மகளிர் குழு ஒன்றை அமைத்திடுக. பிரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையில் முதலிடம் தருக. அவர்கள் தாயரை இது போன்ற மேடைகளில் முன்வரிசையில் அமரச் செய்க.

நாம் மேலே கூறிய அந்தச் சகோதரி, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவியால் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு பெற்றாள். தொகை ஒழுங்காக வருவதில்லை. ஆயினும் அவள் தையல் எந்திரம் ஓடுகின்றது. கையை உயர்த்தினால் தலையை மறைத்துக்கொண்ட அந்தச் சிறுமி இன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கின்றாள். சென்ற மாதம் நம் பள்ளிக்கு வந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாள். அன்று வேப்பமரத்தடியில் நாம் சொல்லத் தவறிய சொல்லை இனி உங்களில் ஒருவரேனும் தவறாமல் சொல்வீர்களாயின், இவ்வுரை பயன் பெற்றதாகக் கொள்வோம்.